காலைத் தூக்காதே

மருத்துவமனையில் அவளுக்குப் பெயர் மைக். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது. அந்த அட்டையும் எப்போதும் திரும்பிக்கொண்டு முதுகைத்தான் காட்டும். மூன்றாவது மாடியில் நின்று "வீல்சேர்!" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால், கீழ்த்தளத்தில் கிடக்கும் வீல்சேர் தானாகவே உருண்டு லிஃப்டில் ஏறிவிடும் என்று வார்டு ஆட்கள் கிண்டலடிப்பார்கள். அவள் கோபித்துக்கொள்வதில்லை. "என் குரலுக்கு வீல்சேராவது வருது. உங்க குரலுக்கு ஒரு டீ வருமா?" என்று திருப்பிக் கேட்பாள்.

குரல் அப்பா கொடுத்த சொத்து. அவர் பஸ் கண்டக்டர். முன்படியில் தொங்குபவருக்கும் பின்படியில் தொங்குபவருக்கும் ஒரே மூச்சில் கேட்கும்படி பேசிப் பழகியவர். அந்தக் குரல் கொஞ்சமும் இறங்காமல் பார்த்துக்கொண்டது கணவர். அவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார். வருஷக்கணக்கில் அதன் பக்கத்திலேயே நின்று காது மந்தமாகிவிட்டது. வீட்டில் "உப்பு சரியா இருக்கா?" என்று அவள் கேட்டால் எதிர்வீட்டுக்காரர் தன் தட்டைப் பார்த்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலைதான் வேடிக்கை. யாரும் வாயைத் திறக்கக் கூடாத ஓர் அறையில் அவளுக்கு வேலை.

கைக்குழந்தைகளுக்கு, அதிலும் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு, இடுப்புக்குக் கீழே சின்ன அறுவை சிகிச்சை என்றால், அங்கே முழு மயக்கம் கொடுப்பதைக் கூடியவரை தவிர்ப்பார்கள். முதுகுத்தண்டின் அடியில் ஒரு ஊசி. இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். குழந்தை விழித்தபடியே கிடக்கும், தன் மூச்சைத் தானே விடும். தொண்டையில் குழாய் இறக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஊசி போடும்போது குழந்தையை உட்காரவைத்து, முதுகை வளைத்து, அசையாமல் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் மைக்.

ஒரு குழந்தையைப் பிடிக்கத் தெரியாதா என்று கேட்பவர்கள் பிடித்துப் பார்த்ததில்லை. முதுகு வில் மாதிரி வளைய வேண்டும், கழுத்து வளையக் கூடாது. முகவாய் நெஞ்சில் அமுங்கிவிட்டால், மடித்த ரப்பர் குழாயில் தண்ணீர் நிற்பதுபோல மூச்சு நின்றுவிடும். முன்பு இந்த வேலையைச் செய்த நர்ஸ் ஒருநாள் பயத்தில் சற்று அதிகமாகவே அழுத்திவிட, குழந்தையின் உதடு நீலம் பாய்ந்தது. மயக்க டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "வேற கை குடுங்க" என்றார். பக்கத்தில் நின்றது மைக். அகலமான கை, எப்போதும் கதகதப்பாக இருக்கும் கை. நீட்டினாள். அன்றிலிருந்து அவள்தான். "பிடிக்கிறது வேற, அமுக்குறது வேற" என்பது அவள் கண்டுபிடிப்பு.

மயக்க டாக்டர் என்பது அந்த டாக்டருக்கு மருத்துவமனை வைத்த பெயர். மயக்கம் கொடுப்பவர் என்பதால் வந்தது. மயக்கம் கொடுக்காமலே வேலையை முடிப்பதில் கெட்டிக்காரர் என்பதால் அந்தப் பெயரில் கொஞ்சம் நக்கலும் உண்டு. மெலிந்த மனிதர். சலைன் ஏற்றுவதுபோல, பேச்சையும் சொட்டுச் சொட்டாகத்தான் விடுவார்.

அவருடைய அறையில் சில சட்டங்கள் உண்டு. குழந்தைக்குக் குளிரக் கூடாது, ஆகவே ஏசி கிடையாது. பெரியவர்கள் வியர்த்து வழியலாம். விளக்கு தணிந்திருக்கும். பாட்டுக் கேட்டுக்கொண்டே கத்தி பிடிக்கும் சர்ஜன் அம்மாவும் அங்கே பாட்டை நிறுத்திவிட வேண்டும். இவற்றையெல்லாம்விடப் பெரிய சட்டம் ஒன்று உண்டு. ஊசி போட்ட பிறகு குழந்தையின் காலைத் தூக்கக் கூடாது.

காரணம் சாதாரணமானதுதான். அந்த மருந்து கனமானது. தண்டுக்குள் இருக்கும் நீரில், தண்ணீரில் விட்ட தேன் மாதிரி, பள்ளம் பார்த்து ஓடும். காலைத் தூக்கினால் இடுப்பு மேடாகும், நெஞ்சு பள்ளமாகும். மருந்து நெஞ்சுப் பக்கம் வழியும். காலை மரக்க வைக்க வேண்டியது மூச்சுத் தசைகளை மரக்க வைத்துவிடும். அப்புறம் எந்தக் குழாயைத் தவிர்க்க இத்தனை பாடுபட்டார்களோ அதே குழாயை அவசர அவசரமாக இறக்க வேண்டியதுதான். மின்சாரக் கத்தி வேலை செய்ய உடம்பில் ஒட்டும் தகட்டைக்கூட ஊசிக்கு முன்னாலேயே குழந்தையின் மேல்முதுகில் ஒட்டிவிடுவார்கள். பிறகு ஒட்டுவதென்றால் தூக்கித்தானே ஆக வேண்டும்?

ஆகவே ஊசி வெளியே வந்ததும் "காலைத் தூக்காதே" என்று மைக் அறிவிப்பாள். ரகசியக் குரலில்தான் சொல்வாள். அவளுடைய ரகசியக் குரல் மற்றவர்கள் சாதாரணமாகப் பேசும் குரல் அளவுக்கு இருக்கும். புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி தெரியாமல் கால்பக்கம் கையைக் கொண்டுபோனபோது புறங்கையில் பட்டென்று ஒன்று போட்டிருக்கிறாள். ஒருமுறை சர்ஜன் அம்மாவுக்கும் அது விழுந்தது. "இந்த ஆஸ்பத்திரில என்னை அடிக்கிற ஒரே ஆள் நீதான்" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே கையைத் தேய்த்துக்கொண்டார்.

இந்த நிலையில்தான் தம்பி வீட்டில் பிரச்சினை வந்தது.

தம்பிக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த பையன். அவசரக்காரன், ஏழாம் மாதமே வந்துவிட்டான். சுண்டுவிரல் மாதிரி இருக்கிறான் என்று யாரோ சொல்ல, சுண்டு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. தொண்டையில் குழாயோடு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். குழாயை எடுப்பார்கள், இரண்டு நாள் பார்ப்பார்கள், மூச்சு விட மறப்பான், மறுபடி குழாய். ஒருவழியாகத் தப்பித்து வீட்டுக்கு வந்து, கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்த நேரத்தில், அழும்போதெல்லாம் அடிவயிற்றோரம் ஒரு வீக்கம் புடைத்தது. குடலிறக்கம். சின்ன அறுவைதான், ஆனால் தள்ளிப்போட முடியாது. குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

முழு மயக்கம் கொடுத்தால் இவனைப் போன்ற குழந்தைகள் விழித்த பிறகும் மூச்சு விட மறக்கக்கூடும். மயக்க டாக்டர் சுண்டுவைச் சோதித்துவிட்டு, "முதுகுல போட்டுடலாம்" என்றார். மைக்குக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உடனே தம்பிக்கு ஃபோன் போட்டாள்.

"டேய், கவலையே வேண்டாம்! மயக்கமே குடுக்கப் போறதில்லை! ஆபரேஷன் முழுக்க முழிச்சிக்கிட்டேதான் இருப்பான்!"

தம்பியின் வீட்டில் ஃபோனை ஸ்பீக்கரில் போட வேண்டிய அவசியமே இல்லை. சமையலறையில் நின்ற தம்பி மனைவிக்கு ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. அடுத்த நொடி அவள் குரல் ஃபோனுக்குள் வந்தது. "மயக்கம் குடுக்காம புள்ளைய அறுப்பாங்களாமா? உங்க அக்காவுக்கு என்ன, புத்தி பிசகிடுச்சா?"

மைக் வாயடைத்து நின்றது அவள் வாழ்க்கையில் அபூர்வம். அன்று நின்றாள். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் நம் பேச்சில் ஆளைத் தூங்கவைப்பதற்கும் மயக்கம்தான் பெயர், வலி தெரியாமல் செய்வதற்கும் மயக்கம்தான் பெயர். மயக்கம் இல்லை என்றால், கேட்கிற தாய்க்கு வலி உண்டு என்றுதான் பொருள். இத்தனை வருஷமும் அரங்கத்தின் வாசலில் எத்தனை பெற்றோரிடம் இதே வாக்கியத்தைச் சிரித்த முகத்தோடு சொல்லியிருக்கிறாள்! அவர்கள் ஏன் அப்படி வெளிறிப்போனார்கள் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். நாத்தனார் வருகிறாள் என்றாலே தம்பி மனைவிக்குக் கொஞ்சம் உதறல்தான். பகை ஒன்றுமில்லை. அவள் வந்தால் குழந்தை விழித்துக்கொள்ளும். "அண்ணிய வரவேண்டாம்னு சொல்லல, அவன் முழிச்சிருக்கிறப்ப வரச் சொல்லுங்க" என்று ஒருமுறை சொன்னது மைக் காதுக்கும் வந்து சேர்ந்திருந்தது. அதை அவள் மறந்தபாடில்லை.

கட்டில் முழுக்க மடித்த துணிகள். நடுவில் சுண்டு தூங்கிக்கொண்டிருந்தான். தம்பி மனைவி அவன் வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயிறு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. பேசும்போதும் அவள் கண் அங்கேயே இருக்கும்.

மைக் தரையில் உட்கார்ந்தாள். முடிந்தவரை குரலைத் தணித்தாள். "உனக்கு இவன் பொறந்தப்ப மயக்கம் குடுத்தாங்களா?"

"இல்ல அண்ணி. முதுகுல ஊசி. அதுலேருந்து குனிஞ்சா நிமிர முடியல."

"அறுத்தது வலிச்சுதா?"

"வலி இல்ல. யாரோ உள்ள கைவிட்டு எதையோ தேடுற மாதிரி இருந்துச்சு. கால் இருக்கா இல்லையான்னே தெரியல. வேற யாரோட காலையோ எனக்கு மாட்டி விட்ட மாதிரி."

"இவன் அழுதது கேட்டுச்சா?"

மடித்திருந்த துணி ஒன்றைத் தம்பி மனைவி பிரித்து மறுபடி மடித்தாள். "கேட்டுச்சு. பூனைக்குட்டி மாதிரி ஒரே ஒரு தடவை. அப்புறம் குழாயப் போட்டுட்டாங்க. குழாய் இருந்தா அழுதாலும் சத்தம் வராது இல்ல? வாய் மட்டும் அழும். அதைத்தான் அத்தனை நாளும் பார்த்துட்டிருந்தேன்."

"அந்தக் குழாய் திரும்ப வேண்டாம்னுதான் இவனுக்கும் அந்த ஊசியப் போடலாம்ங்கிறாங்க. நான்தான் லூசு மாதிரி சொல்லித் தொலைச்சேன். மரக்க வைப்பாங்க. உனக்கு மரத்துப்போச்சு இல்ல, அதே மாதிரி."

"எனக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்கு அண்ணி. இவன் முதுகு என் உள்ளங்கை அகலம்கூட இல்ல. எங்க குத்துவாங்க?"

"ஊசியும் அந்த அளவுக்குச் சின்னதுதான். குத்துற இடத்துல முன்னாடியே கிரீம் தடவிடுவோம், தோலும் மரத்துடும்."

"இவனுக்கும் என்னை மாதிரி முதுகுவலி வந்தா?"

வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். மைக் சொல்லவில்லை. "உன் வலியில பாதி, ராவும் பகலும் நீ இப்படிக் குனிஞ்சு உக்காந்திருக்கிறதால. மீதி எனக்குத் தெரியாது. டாக்டர்கிட்ட நேராவே கேளு. பதில் சொல்வார், கொஞ்சம் மெதுவா வரும்."

தம்பி அதுவரை கதவோரம் நின்றுகொண்டிருந்தான். "எனக்குப் பல்லு புடுங்கினப்பகூட உதடு மரத்துப்போய்..." என்று ஆரம்பித்தான். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்க்க, உதட்டை மூடிக்கொண்டான்.

கடைசியில் தம்பி மனைவி கேட்டாள். "யார் பிடிப்பாங்க?"

"நான் பிடிக்கக் கூடாது. சொந்தக்காரங்களுக்குச் சொந்தக்காரங்க நிக்கக் கூடாதுன்னு டாக்டர் வச்சிருக்காரு."

"நீங்க பிடிச்சா சரி. இல்லன்னா வேண்டாம்." முதல்முறையாகக் குழந்தையின் வயிற்றிலிருந்து கண்ணை எடுத்து நாத்தனாரை நேராகப் பார்த்தாள். "உங்க குரல்தான் எனக்கு ஆகாது. உங்க கைய நம்புறேன்."

மயக்க டாக்டர் தம்பியையும் மனைவியையும் உட்காரவைத்து, எது எதில் என்ன ஆபத்து என்று சொட்டுச் சொட்டாகச் சொல்லி முடித்தார். ஊசி சரியாக விழாமல் போகலாம், மருந்து அதிகம் ஏறிவிடலாம், அப்படியானால் குழாய் போட வேண்டிவரும், எல்லாம் பக்கத்தில் தயாராக இருக்கும் என்றார். முதுகுவலியைப் பற்றித் தம்பி மனைவி கேட்டதற்கும் பதில் சொன்னார். அண்ணி பிடித்தால்தான் சம்மதம் என்று அவள் அவரிடமும் சொன்னாள். அவர்கள் போன பிறகு மைக்கைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உள்ள நர்ஸா வர்றீங்களா, அத்தையா வர்றீங்களா?"

"நர்ஸாத்தான் சார்."

"அப்போ அத்தை வெளியிலேயே நிக்கட்டும்."

அறுவை நாள் காலையில் அரங்கத்தின் கதவருகே தம்பி மனைவி குழந்தையை நீட்டினாள். பசியில் முறுக்கிக்கொண்டிருந்தான். மைக் வாங்கிக்கொண்டாள். கொடுத்தவள் உடனே விடவில்லை. இருவர் கையிலும் ஒரு நிமிஷம் இருந்தான். பிறகு கதவு மூடியது.

உள்ளே எல்லாம் வழக்கம்போல. சூடான அறை, தணிந்த விளக்கு, மேல்முதுகில் ஒட்டிய தகடு. சர்க்கரைத் தண்ணீரில் தோய்த்த ரப்பர் காம்பை வாயில் வைத்ததும் சுண்டு அழுகையை நிறுத்திவிட்டு, யார் இந்த உபகாரி என்பதுபோல் பார்த்தான். மைக் அவனை உட்காரவைத்தாள். ஒரு கை தோளுக்கு, ஒரு கை தொடைக்கு. முகவாய்க்கு அடியில் தன் கட்டைவிரலை முட்டுக்கொடுத்து வைத்தாள். உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்த முதுகு வளைந்தது. டாக்டர் விரலால் எலும்புகளைத் தடவி, இடம் பார்த்து, ஊசியை இறக்கினார். ஊசியின் வாயில் கண்ணீர் மாதிரி ஒரு தெளிந்த சொட்டு எட்டிப்பார்த்தது. சரியான இடம் என்பதற்கு அதுதான் சாட்சி. மருந்து போனது. ஊசி வெளியே வந்தது.

மைக் அவன் முதுகை நிமிர்த்தினாள். அப்படியே மல்லாக்கப் படுக்கவைத்தாள். "காலைத் தூக்காதே" என்று எப்போதும்போல் அறிவித்தாள்.

எல்லோரும் ஓர் அடி பின்வாங்கி நின்றார்கள். சற்று முன்வரை உதைத்துக்கொண்டிருந்த கால்கள் இரண்டும் நனைந்த துணி மாதிரித் துவண்டு கிடந்தன. டாக்டர் கால் விரலைக் கிள்ளினார். சுண்டு காம்பைச் சப்பிக்கொண்டே இருந்தான். மரத்துவிட்டது.

மரத்துப்போன உடம்புக்கு வேறு சில கூச்சங்களும் போய்விடும். சர்ஜன் அம்மா கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது சுண்டு சிறுநீர் போனான், கூடவே கொஞ்சம் மலமும். பின்புறம் போட்டிருந்த துணி நனைந்தது. குளிர்ந்துவிடுமே, தோலெல்லாம் எரியுமே. வீட்டில் தம்பி மனைவி சமையலில் இருக்கும்போதெல்லாம், வெளியே போயிருக்கும்போதெல்லாம், மைக் செய்கிற வேலைதானே இது. இடது கை தானாகப் போனது. இரண்டு கணுக்கால்களையும் சேர்த்துப் பிடித்து மேலே தூக்கியது. வலது கை துணிக்காக நீண்டது.

அவள் மணிக்கட்டில் ஒரு கை வந்து விழுந்தது.

"சிஸ்டர்."

டாக்டர் கத்தவில்லை. அந்தக் கணுக்கால்களை அவள் கையோடு சேர்த்து மெல்ல மேசையில் இறக்கினார். அப்போதுதான் மைக் தன் கையைப் பார்த்தாள். அது என்ன செய்துகொண்டிருந்தது என்று புரிந்தபோது, கால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போனது அவளுக்குத்தான்.

டாக்டர் மேசையின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தினார். ஆக்சிஜன் முகமூடியை எடுத்துக் குழந்தையின் முகத்தருகே பிடித்தார். "உங்க விரலை அவன் உள்ளங்கையில வைங்க."

வைத்தாள். குழந்தைகள் செய்வதுபோல் அவன் விரல்கள் அதை மூடிக்கொண்டன.

"பிடிக்கிறானா?"

"பிடிக்கிறான் சார்."

"சொல்லிட்டே இருங்க."

அவளுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மருந்து மேலே ஏறினால், முழு மூச்சும் நிற்பதற்கு முன்னால் கைப்பிடி தளரும். அதற்குப் பிறகு குழாய்தான். வாய் மட்டும் அழும்.

அறையில் கருவியின் பீப் சத்தம் மட்டும் கேட்டது. ஆக்சிஜன் குறைந்தால் அந்தச் சத்தத்தின் சுருதி இறங்கும். அது ஒரு படி இறங்கியது. சுண்டுவின் வாயிலிருந்து காம்பு நழுவியது. அழப் பார்த்தான். பூனைக்குட்டிச் சத்தம்தான் வந்தது. அவள் விரலைச் சுற்றியிருந்த விரல்கள் லேசாக நெகிழ்ந்தன.

"தளருது சார்."

டாக்டர் முகமூடியை முகத்தில் பொருத்தினார். அதோடு இணைந்த காற்றுப்பையை இன்னும் அழுத்தவில்லை. காத்திருந்தார். சர்ஜன் அம்மா கையுறை போட்ட கைகளைக் கோத்து நெஞ்சருகே வைத்துக்கொண்டு நின்றார். மைக் குனிந்தாள். அவள் குரல் அவ்வளவு தணியும் என்று யாருக்கும் தெரியாது. "சுண்டு. டேய். பிடிடா. அத்தையைப் பிடி. விட்டுடாதடா."

பீப் சத்தம் அதே படியில் நின்றது. நின்றது. பிறகு ஏறியது.

"பிடிக்கிறானா?" என்றார் டாக்டர்.

மைக் தன் விரலைப் பார்த்தாள். பிறகு, "வலிக்குது சார்" என்றாள் மைக். "நகத்தால கிள்ளுறான்."

டாக்டர் மூச்சை வெளியே விட்டார். "ஆரம்பிங்க மேடம்."

சர்ஜன் அம்மா வேகமானவர். வேகம் வேண்டும். குழந்தைகளுக்கு இந்த மரப்பு வெகு நேரம் நிற்காது. வேறொரு நர்ஸ் வந்து கால்பக்கத்தை எடுத்துக்கொண்டாள். மைக்கை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. தலைமாட்டில், விரலைக் கொடுத்துவிட்டு நின்றாள். பாதி அறுவையில் சுண்டு தூங்கிப்போனான். தூக்கத்திலும் விரலை விடவில்லை. கடைசித் தையல் போட்டு முடிந்ததும் டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"அத்தை எப்போ உள்ள வந்தாங்க? நான் கவனிக்கலையே."

மைக் அவர் பின்னாலேயே போனாள். கை கழுவும் இடத்தில் அவர் பக்கத்தில் போய் நின்றாள். "சார், நான் இனிமே பிடிக்கல. வேற வார்டு குடுங்க."

"பிடிச்சதுல என்ன தப்பு? பிடி நல்லாத்தான் இருந்தது." கையைத் துடைத்துக்கொண்டார். "உங்க கையே தூக்கும்னா எந்தக் கையும் தூக்கும். முழங்காலுக்கு மேல போட்டு மேசையோட சேர்த்துக் கட்டுற மாதிரி துணிப்பட்டை ஒண்ணு தைங்க. மெத்துன்னு. ஊசி போட்ட உடனே கட்டிடலாம்." இரண்டு எட்டு நடந்தவர் நின்றார். "நடந்ததை அவன் அம்மாகிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்றேன் சார்."

பட்டை இப்போதும் அந்த அறையில் இருக்கிறது. அத்தைக்கட்டு என்று பெயர். ஊசி வெளியே வந்ததும், "அத்தையக் கட்டுங்க" என்று யாராவது சொல்வார்கள். புதிதாக வருபவர்கள் விழிப்பார்கள்.

அன்று பிற்பகல் வார்டில், மறுநாள் காலைவரை மூச்சைக் கவனிக்கும் கம்பிகளோடு சுண்டு படுத்திருந்தான். வயிறு நிறையப் பால். முதலில் ஒரு கட்டைவிரல் அசைந்தது. பிறகு பாதம். பிறகு இரண்டு காலும் போட்டி போட்டுக்கொண்டு உதைத்தன. தம்பி அதை ஃபோனில் படமெடுத்துக்கொண்டிருந்தான். மைக் கட்டிலோரம் நின்றாள். சொல்ல வேண்டும். வார்டுக்கு வந்ததிலிருந்து சொல்ல வாயெடுக்கிறாள், தண்ணீர் வேண்டுமா, தலையணை வேண்டுமா என்று வேறு எதையோ கேட்டு முடிக்கிறாள்.

"நனைச்சுட்டான்" என்றாள் தம்பி மனைவி. இரண்டு கணுக்கால்களையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினாள்.

"தூக்காதே!"

வார்டு முழுக்கத் திரும்பியது. தூரத்துக் கட்டிலில் ஒரு குழந்தை வீறிட்டது. வராந்தாவில் போய்க்கொண்டிருந்த ஸ்ட்ரெச்சர் நின்றுவிட்டது. தம்பியின் கையிலிருந்த ஃபோன் கட்டிலில் விழுந்தது.

தம்பி மனைவி தூக்கிய காலோடு அப்படியே இருந்தாள். "ஏன் அண்ணி? இன்னும் தூக்கக் கூடாதா?"

"இல்ல. தூக்கலாம். இப்போ தூக்கலாம். மரப்பு போயிடுச்சு." மைக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். "உள்ள தூக்கக் கூடாது. உள்ள நான் தூக்கிட்டேன்."

சொன்னாள். நனைந்த துணி, தன் கை, டாக்டரின் கை, இறங்கிய சத்தம், நெகிழ்ந்த விரல். எதையும் விடவில்லை, எதையும் பூசி மெழுகவில்லை. மிகவும் தணிந்த குரலில் சொன்னாள், தம்பி குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. சொல்லி முடித்ததும் தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவை வேறு யாருடையவோ என்பதுபோல் பார்த்தாள்.

தம்பி மனைவி அழவில்லை. அவள் கண் வழக்கம்போல் குழந்தையின் வயிற்றுக்குப் போனது. ஏறியது, இறங்கியது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரத்துணி அப்படியே கிடந்தது. சுண்டு குளிர்ந்து சிணுங்கினான். நல்ல கனமான சிணுங்கல், பூனைக்குட்டியுடையது அல்ல.

"எத்தனை தடவை இவனுக்குத் துணி மாத்தியிருக்கீங்க" என்றாள் கடைசியில். "அந்தக் கைக்கு அது வீடு இல்லன்னு எப்படித் தெரியும்?"

மைக் அந்தக் கையைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டாள்.

"பயமாத்தான் இருக்கு அண்ணி. இப்போ கேட்கவே பயமா இருக்கு. கொஞ்ச நாளைக்கு இதை நினைச்சா உங்க மேல கோபம் வரும்னு நினைக்கிறேன்." உலர்ந்த துணி ஒன்றை எடுத்து உதறி, நாத்தனாரிடம் நீட்டினாள். "எனக்கு முதுகு வலிக்குது. நீங்களே மாத்துங்க."

மைக் துணியை வாங்கிக்கொண்டாள். இடது கையை நீட்டினாள். இழுத்துக்கொண்டாள். மறுபடி நீட்டி, இரண்டு கணுக்கால்களையும் சேர்த்துப் பிடித்தாள். கதகதப்பாக இருந்தன. தூக்கினாள். சுண்டு ஒரு காலை உருவிக்கொண்டு அவள் முகவாயில் ஓங்கி ஓர் உதை விட்டான்.

"ஐயோ!" என்றாள் மைக். தூரத்துக் கட்டில் குழந்தை மறுபடியும் அழ ஆரம்பித்தது.